வாசகர் கேள்வி பதில்: ஆறெழுத்தில் ஒரு ‘சைவ்’

சுங்கை சிப்புட்டில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டம் ஒன்று, அயர்லாந்தின் புராணத்தையும் வரலாற்றையும் குழைத்து எழுதிய ஆங்கில மாயக்கதைத் தொடர் ஒன்றை வாங்கியிருக்கிறது. ஒரே செட்டு, ஆறு பேர், கை மாற்றிக் கை மாற்றிப் படிக்கிறார்கள். இந்த மாதக் கேள்விகள் எல்லாம் அவர்கள் அனுப்பியவை. தொடரின் பெயரை இங்கே போடவில்லை. இந்த வகையில் எதைக் கையில் எடுத்தாலும் இடறும் இடங்கள் ஏறக்குறைய இவைதாம்.

அறுபது பக்கம் தாண்டுவதற்குள் முப்பது பெயர் வந்துவிட்டது. ஒன்றையும் வாயால் சொல்ல முடியவில்லை. தாண்டித் தாண்டிப் படித்ததில் யார் அண்ணன், யார் எதிரி என்பதே குழம்பிப் போச்சு. வழி உண்டா? (தோட்டக் கிளினிக்கில் வேலை செய்யும் வாசகி)

தாண்டியதுதான் வினை. ஒலி இல்லாத பெயர் மனதில் தங்காது. ‘எம்மில் ஆரம்பிக்கிற அரசி’ என்று அடையாளம் வைத்துக்கொண்டு போவீர்கள். எம்மில் ஆரம்பிக்கும் இன்னொருத்தி 90-ஆம் பக்கத்தில் வந்து நிற்பாள். பெயருக்கு ஒரு நாள் மாலையை ஒதுக்குங்கள், அதற்குமேல் வேண்டாம். தமிழ் படித்தவருக்கு இது ஆங்கிலம் மட்டும் படித்தவரைவிடச் சுலபம்.

‘மக்கள்’, ‘மகன்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ‘க’தான். ஒலி மூன்று விதம். எங்கே நிற்கிறது என்று பார்த்து நாம் மென்மையாக்கிக்கொள்கிறோம், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஐரிஷிலும் மெய் மென்மையாகும். அதைக் காட்ட அவர்கள் அந்தக் காலத்தில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். நம் புள்ளி உயிரை எடுக்கும், அவர்கள் புள்ளி வன்மையை எடுக்கும். ரோமன் அச்செழுத்துக்கு மாறியபோது புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஓர் ‘எச்’ வந்து உட்கார்ந்தது. அந்த ‘எச்’சைத் தனி எழுத்தாக வாசிக்காதீர்கள். முன்னால் இருப்பதை மெலிதாக்கு என்று சொல்லும் குறி அது.

ஆகவே, பி-எச், எம்-எச் இரண்டும் ‘வ’. டி-எச் (D, H) நடுவிலோ ஈற்றிலோ வந்தால் பெரும்பாலும் ஒலியே இல்லை, ஜி-எச்சும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘த’ ஆகும் டீ-எச் (T, H) இங்கே வெறும் ‘ஹ’. சி-எச் தொண்டையிலிருந்து வரும் கரகரத்த ‘ஹ’. எஃப்-எச் வந்தால் இரண்டையும் விழுங்கிவிடலாம். எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஈயோ ஐயோ நின்றால் ‘ஷ’. சி எப்போதும் ‘க’, ஒருபோதும் ‘ச’ ஆகாது. உயிரெழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் அது நெடில், இல்லாவிட்டால் குறில். இதில் ஆங்கிலேயர் தடுமாறுவார்கள். நமக்குக் குறில் நெடில் முதல் வகுப்புப் பாடம்.

இப்போது சோதித்துப் பாருங்கள். எஸ், ஏ, டி, எச், பி, எச் என்று ஆறெழுத்தில் ஒரு பெண் பெயர். டி-எச் கரைந்துபோகும், பி-எச் ‘வ்’ ஆகும், மிச்சம் ‘சைவ்’. வீரன் ஃபின்னின் மனைவி, மான் உருவில் திரிந்தவள். என், ஐ, ஏ, எம், எச் என்றால் ‘நீவ்’. எஸ், ஐ, டி, எச், ஈ என்றால் ‘ஷீ’. அது மண்மேட்டுக்கும், அதற்குள் வாழும் தெய்வக் கூட்டத்துக்கும் பெயர். எஸ்ஸில் தொடங்கும் பனிக்காலத் திருநாள் ‘சம்ஹெய்ன்’ அல்ல, ‘சௌவின்’.

ஒரு சிக்கல் உண்டு. சில தொடர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்திருக்கும். அதில் ‘எச்’சும் இருக்காது, புள்ளியும் இருக்காது. கானக்ட் அரசியின் பெயர் பழைய முறையில் எம், ஈ, டி, பி என்று நான்கே எழுத்து. படிக்க வேண்டியது ‘மேவ்’. இங்கே நேராகத் தமிழ் விதியைப் போடுங்கள்: சொல்லின் நடுவிலோ கடைசியிலோ உயிருக்குப் பின் வரும் வல்லெழுத்து மெலியும். பழைய ஐரிஷில் அதுதான் நடந்தது. ஒரே தொடரில் இரண்டு எழுத்துக்கூட்டலும் கலந்து வந்தால் ஆசிரியர் கவனக்குறைவானவர் என்று நினைத்துக்கொண்டு மேலே போங்கள்.

இன்னொரு பொறி தந்தை பெயர். ‘மாக்’ என்றால் மகன். அதற்குப் பின் வரும் பெயர் ஆறாம் வேற்றுமையில் உருமாறும். ஆர்ட் என்பவரின் மகன் கோர்மக், ‘கோர்மக் மாக் ஆர்ட்’ ஆக மாட்டார், ‘மாக் ஏர்ட்’ ஆவார். எழுத்திலும் நடுவே ஓர் ‘ஐ’ நுழைந்துவிடும். ‘மரம், மரத்தின்’ என்று மாறுவதைப் போலத்தான். இது தெரியாவிட்டால் ஒரே அப்பாவை இரண்டு ஆளாக எண்ணிவிடுவீர்கள்.

கடைசியாக ஒரு கைவேலை. மணிலா அட்டையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிப் புத்தக அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டம் போதும்: பெயர், தமிழில் அதன் ஒலி, யார் பிள்ளை, எந்த நாடு. பெயர் முதல் தடவை வரும்போது எழுதாதீர்கள். இரண்டாம் தடவை வந்தாலோ, அந்த ஆள் வாய் திறந்து பேசினாலோ எழுதுங்கள். முப்பது பெயரில் பன்னிரண்டுகூடத் தேறாது. முகப்பில் வம்சாவளி அச்சிட்டிருந்தால் பார்க்காதீர்கள். யார் யாரை மணந்தார், யார் பிள்ளையில்லாமல் போனார் என்று அதிலேயே கதை முழுக்க உடைந்துவிடும்.

ஒரு மாட்டுக்காக இரண்டு நாடு சண்டை போடுவதா? முதல் பாகம் முழுக்க இதுதான். சிரிப்பாக இருக்கிறது. (லாரி ஓட்டுநர், 31 வயது)

வெட்சித் திணையைப் பள்ளியில் படித்தபோது சிரித்தீர்களா? ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை போரையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும், தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை மீட்கப் போய் விழுந்தவனுக்குத்தான் அந்தக் கல். உங்கள் தொடருக்கு அடியில் கிடக்கும் மூலக் கதையின் பெயரே ‘டாயின்’. அதற்கு மாடு ஓட்டிப் போதல் என்றுதான் பொருள்.

நாணயம் புழங்காத நாடு அது. கறவைப் பசுதான் கணக்கு. ‘குமல்’ என்ற அளவு பெரும்பாலும் மூன்று கறவைப் பசுவுக்குச் சமம். சிற்றரசன் ஒருவனின் மான விலை 7 குமல், அதாவது 21 பசு. அவனை அவமதித்தால் அதைக் கட்ட வேண்டும். மானத்துக்கு விலையா என்று முகம் சுளிக்காதீர்கள். ஐரிஷ் சட்டத்தில் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘முக விலை’. முகத்தில் அடித்தாற்போல் என்று நாம் சொல்வதும் அதே முகம்தான்.

இப்போது மேவ் அரசியின் படுக்கையறைக்கு வாருங்கள். 12-ஆம் நூற்றாண்டு ‘லென்ஸ்டர் நூல்’ ஏட்டில் கதை இங்கேதான் தொடங்குகிறது. கணவன் அலில், என்னைக் கட்டிக்கொண்டதால்தான் நீ வசதியாக இருக்கிறாய் என்கிறான். அவள் விடவில்லை. இருவர் சொத்தையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். முதலில் வாளி, தொட்டி, இரும்புப் பானை. அப்புறம் மோதிரம், வளையல், துணி. அப்புறம் ஆடு, குதிரை, பன்றி, மாடு. எண்ணிக்கொண்டே போனால் எல்லாம் சரிக்குச் சரி. அலிலிடம் மட்டும் வெள்ளைக் கொம்புக் காளை ஒன்று அதிகம். அது மேவின் பசு ஈன்ற கன்றுதான். பெண்ணின் மந்தையில் இருக்க மாட்டேன் என்று அவன் மந்தைக்குப் போய்விட்டது!

இது புருஷன் பெண்சாதி வாய்ச்சண்டை மட்டுமல்ல. அயர்லாந்தின் பழைய திருமணச் சட்டம் இணைகளைச் சொத்தை வைத்துப் பிரித்தது: இருவரும் சமமாகக் கொண்டுவந்த இணை, ஆண் சொத்தில் பெண் வாழும் இணை, பெண் சொத்தில் ஆண் வாழும் இணை. யார் சொல் செல்லும் என்பது அதைப் பொறுத்தது. ஒரு காளை குறைந்தால் மேவ் ஒரு படி இறங்கிவிடுவாள்.

அதனால் கூலி நாட்டில் இருந்த பழுப்புக் காளையை ஒரு வருடத்துக்கு இரவல் கேட்கிறாள். (கூலி என்றதும் செக்ரோல் சம்பளம் நினைவுக்கு வரும். இது லௌத் மாவட்டத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலைநாடு.) கொடுக்க முன்வந்த வாடகை 50 கிடாரிகள், நல்ல நிலம், 21 குமல் பெறுமான ஒரு தேர், போதாக்குறைக்குத் தன் நட்பும். தேர் மட்டும் 63 பசு. மூன்று சிற்றரசர்களின் மானத்தை ஒன்றாகக் கட்டிவிடலாம். காளையின் சொந்தக்காரன் டாரே, உட்கார்ந்திருந்த மெத்தையின் தையல் பிரியும் அளவுக்குக் குதித்து ஒப்புக்கொள்கிறான். அன்றிரவு குடிபோதையில் தூதர்களில் ஒருவன், ‘கொடுக்காவிட்டாலும் அடித்துப் பிடுங்கியிருப்போம்’ என்று உளறுகிறான். அது டாரே காதுக்குப் போகிறது. காளை இல்லை என்றாகிறது. போர்.

உங்கள் தொடரில் மாடு வரும் இடத்திலெல்லாம் பக்கத்தில் பென்சிலால் தொகையைக் குறித்து வாருங்கள். யார் யாருக்குக் கீழே என்பது வசனத்தில் தெரியாவிட்டாலும் மாட்டுக் கணக்கில் தெரிந்துவிடும்.

ஏழு வயதுப் பையனைப் பெற்றோர் தூக்கி இன்னொரு வீட்டில் கொடுத்துவிடுகிறார்கள். பாசமே இல்லாத கூட்டமா? (மூன்று பிள்ளைகளின் தாய்)

நம் தோட்டத்து ஆயாக்கொட்டகை மாதிரி பகலில் விட்டு மாலையில் தூக்கிவரும் ஏற்பாடு அல்ல, தத்தும் அல்ல. வளர்ப்பு ஒப்பந்தம். பிள்ளை பெற்றோருடையது, வளர்ப்பு இன்னொரு குடும்பத்துடையது. பெண்பிள்ளைக்கு 14, ஆண்பிள்ளைக்கு 17 வயதில் முடியும் என்கிறது சட்டம். பிள்ளையின் தகுதிக்கேற்பக் கட்டணம், சாப்பாடும் தகுதிக்கேற்பத்தான். குடியானவன் மகனுக்குத் தண்ணீரிலோ மோரிலோ காய்ச்சிய கஞ்சியும் பழைய வெண்ணெயும், பிரபு மகனுக்குப் புதுப் பாலும் புது வெண்ணெயும், அரசன் மகனுக்குத் தேன். கஞ்சியைப் பார்த்தே பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்கலாம். நல்ல தொடராசிரியர்கள் இதை ஒரு துப்பாக வைத்திருப்பார்கள்.

பாசம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். பழைய ஐரிஷில் ‘அம்மா’, ‘அப்பா’ என்று கொஞ்சும் சாயலுள்ள சொற்கள் வளர்த்தவர்களுக்கே போய்விட்டன. கூடப் பிறந்தவனைவிடக் கூட வளர்ந்தவன் நெருக்கம். அதனால்தான் ‘டாயின்’ கதையின் மிக வலிக்கிற இடம் அந்த ஆற்றுத்துறைச் சண்டை. மேவின் படையைத் தடுத்து நிற்கும் கூ ஹுலினும், அவள் பக்கம் நிற்கும் ஃபெர்டியாவும் ஒரே குருவிடம் வித்தை கற்றவர்கள். பகலெல்லாம் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். இரவில் இருவர் குதிரைகளும் ஒரே பட்டியில், தேரோட்டிகள் ஒரே நெருப்பருகில். கூ ஹுலின் தன் காயத்துக்கு வைத்த பச்சிலையில் பாதியை ஆற்றுக்கு அக்கரை அனுப்புகிறான். ஃபெர்டியா தனக்கு வந்த உணவில் பாதியை இக்கரை அனுப்புகிறான். மூன்றாம் நாள் இரவு குதிரைகள் ஒரே பட்டியில் இல்லை. அந்த ஒரு வரி வந்ததும் நாலாம் நாள் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடும்.

அவ்வளவு பெரிய வீரன் நாய்க்கறி தின்றதால் பலம் போய்ச் செத்தான் என்பதை ஏற்க முடியவில்லை. கர்ணன் சாபம் மாதிரியா? (படிவம் ஐந்து மாணவர்)

சாபம் வேறு, ‘கெஷ்’ வேறு. கர்ணன் மேல் சாபம் விழுந்துவிட்டது, அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. கெஷ் என்பது ஒரு ஆளுக்கு மட்டும் உரிய விலக்கு. நோன்பு மாதிரி காக்கலாம், காத்தால் காப்பாற்றும்.

கூ ஹுலினுக்குச் சிறுவயதில் பெயர் ஷேடன்டா. கொல்லன் குலனின் காவல் நாயைக் கொன்றுவிட்டு, வேறொரு குட்டி வளரும்வரை நானே நாயாகக் காவல் இருக்கிறேன் என்றதால் ‘குலனின் வேட்டைநாய்’ ஆனான். ஆகவே நாய்க்கறி அவனுக்கு ஆகாது, தன் பெயரையே தின்பது அது. இன்னொரு விலக்கும் உண்டு: சமைக்கும் அடுப்பைக் கடந்து போகும்போது விருந்தை மறுக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியே காப்பது சுலபம். கடைசிப் பயணத்தில் வழியோரம் மூன்று கிழவிகள் நாயைச் சுட்டுக்கொண்டு, ‘வா, சாப்பிடு’ என்கிறார்கள். தின்றாலும் மீறல், போனாலும் மீறல். பெரிய விருந்தென்றால் நின்றிருப்பாய், ஏழை அடுப்பு என்பதால் போகிறாய் என்று ஒருத்தி குத்துகிறாள். அவன் இடது கையால் வாங்குகிறான். அந்தக் கை சோர்ந்துபோகிறது.

ஆக, கொன்றது கறி அல்ல. எதிரிகள் அவனுடைய இரண்டு நல்ல குணங்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். பாத்திரத்துக்கு ஒரே ஒரு கெஷ் சொல்லப்பட்டால் சும்மா இருங்கள். இரண்டாவது வந்த பக்கத்தின் மூலையை மடியுங்கள். இரண்டும் மோதும் இடம் பின்னால் கட்டாயம் இருக்கிறது.

ஒரு புலவன் பாட்டுப் பாடி மிரட்டுகிறான், அரசன் நடுங்குகிறான். இது கொஞ்சம் அதிகம் இல்லையா? (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்)

அறம் பாடுதலைப் பாடம் நடத்திய நீங்களா கேட்கிறீர்கள், ஐயா? நந்திக் கலம்பகம் கேட்டுத்தான் நந்திவர்மன் உயிர்விட்டான் என்ற கதை நம்மிடம் இருக்கிறது. ஐரிஷ் புலவரான ‘ஃபிலி’ வசை பாடினால் பாட்டுடைத் தலைவன் முகத்தில் கொப்புளம் எழும் என்பது நம்பிக்கை. கொப்புளம் எழுந்தால் என்ன என்பதில்தான் சூட்சுமம். உடலில் ஊனம் உள்ளவன் அரசனாக இருக்கக் கூடாது. நூவா என்ற அரசன் போரில் கை இழந்ததும் சிம்மாசனம் போயிற்று. வெள்ளிக் கை பொருத்தியும் சட்டென்று திரும்பவில்லை. ஆக, வசை என்பது பதவி நீக்க மனு.

அவனுக்குப் பின் வந்த பிரெஸ் அரசன் கஞ்சன். விருந்துக்கு வந்த புலவனை நெருப்போ படுக்கையோ இல்லாத இருட்டுக் குடிசையில் தங்கவைத்து, சின்னத் தட்டில் மூன்று காய்ந்த ரொட்டி கொடுத்தான். மறுநாள் காலை அந்தப் புலவன் பாடியதுதான் அயர்லாந்தின் முதல் வசை என்கிறது புராணம். தன்னை நேரில் காணாமல் பரிசை மட்டும் கொடுத்தனுப்பிய அதியமானிடம் ‘வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்ற பெருஞ்சித்திரனாரை (புறநானூறு 208) பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நம்மவர் பரிசை வேண்டாம் என்று எழுந்து போனார். அவர்கள் ஆளையே இறக்கினார்கள்.

அப்படியானால் ஐரிஷ்காரர்களும் நாமும் ஒரே வழி வந்தவர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி பார்த்தேன். (அதே லாரி ஓட்டுநர்)

இல்லை. ஐரிஷ் இந்தோ-ஐரோப்பிய மொழி, தமிழ் திராவிட மொழி. மாட்டை நம்பிப் பிழைக்கிற, சிற்றரசர்கள் நிறைந்த, புலவன் வாய்க்கு அஞ்சுகிற சமூகங்கள் எங்கே இருந்தாலும் கதைகள் ஒரே சாயலில் விளையும். ஒப்பிட்டு ரசிப்பது வேறு, உறவு கொண்டாடுவது வேறு. காணொளியை அழித்துவிடுங்கள்.

தொடரில் வருவதில் எது வரலாறு, எது கற்பனை? (தோட்ட மண்டோர்)

ஒரு தொடரை வைத்து வரலாறு படிக்க வேண்டாம். ஆனால் பிழை பிடிப்பது நல்ல விளையாட்டு. கிறிஸ்துவுக்கு முந்திய அயர்லாந்து என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு அவித்தால் தப்பு, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. நம் மிளகாய் போல. உயர்ந்த கற்கோட்டை நின்றால் காலம் 1169-க்குப் பிந்தியது, நார்மன்கள் கரையேறிய பின்புதான் அவை எழுந்தன. வைக்கிங் கப்பல் வந்தால் 795-க்குப் பின். டப்ளினில் அவர்கள் கப்பல்துறை அமைத்தது 841-இல். அரசன் பிரையன் போரு வென்று மாண்ட குளோன்டார்ஃப் போர் 1014, புனித வெள்ளியன்று. பாம்பு கடித்துச் சாகிறான் என்று எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கலாம், அந்தத் தீவில் பாம்பே கிடையாது.

ஒளிபுகும் கல்லறை வந்தால் அது நியூகிரேஞ்ச். மார்கழிக் குளிரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டி, உதிக்கும் சூரியன் 19 மீட்டர் சுரங்க வழியில் நுழைந்து 17 நிமிடம் உள்ளறையை ஒளியாக்கும். கட்டியது ஏறத்தாழ கி.மு. 3200. ஐரிஷ் மொழி அந்தத் தீவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே நின்றது. பின்னால் வந்தவர்கள் ‘இதற்குள் தெய்வங்கள் குடியிருக்கின்றன’ என்று கதை கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கதைகளை ஏட்டில் ஏற்றியவர்கள் கிறிஸ்துவத் துறவிகள். லென்ஸ்டர் நூலில் ‘டாயின்’ முடிந்ததும் இரண்டு குறிப்பு உண்டு. ஐரிஷில் எழுதியது, இதை ஒரு சொல் மாற்றாமல் மனப்பாடம் செய்பவருக்கு ஆசி. லத்தீனில் எழுதியது, இதில் சில பேய்களின் ஏமாற்று, சில புலவர்களின் கற்பனை, சில மூடர்களை மகிழ்விக்கச் செய்தவை என்கிறது. இரண்டும் ஒரே கதையின் வாலில்.

மகனுக்கு 11 வயது. கேட்கிறான், கொடுக்கலாமா? (மூன்று பிள்ளைகளின் தாய்)

பெரியவர்களுக்கான தொடரை வேண்டாம். வெட்டிய தலையை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவதெல்லாம் மூலத்திலேயே உண்டு. லிர்ரின் பிள்ளைகள் கதையை நீங்களே சொல்லுங்கள்: சிற்றன்னை நான்கு பிள்ளைகளையும் அன்னமாக்குகிறாள், மூன்று நீர்நிலைகளில் முந்நூறு முந்நூறாக 900 ஆண்டு. அழுவான், ஆனால் தூங்குவான்.

ஒரு முள்மரத்தை வெட்டினால் ஊருக்கே கேடு என்று மூன்றாம் பாகத்தில் நடுங்குகிறார்கள். ஏன் அந்த மரம்? (தோட்ட மண்டோர்)

செம்பனை மறுநடவின்போது புல்டோசர் முனீஸ்வரர் மரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். தனியாக நிற்கும் வெண்முள் மரம் ஷீ கூட்டத்தின் இடம். 1999-இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலை போடும்போது லட்டூன் என்ற இடத்தில் இப்படி ஒரு முள்மரம் குறுக்கே வந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போனது. கதையில் யாராவது அந்தக் கிளையை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் அட்டைத் துண்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

ஆறு பேர், ஒரு செட்டு. எப்போதும் யாராவது ஒருவர் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிடுகிறார். முன்கதைப் பாகம் ஒன்றும் வந்திருக்கிறதாம், அதை முதலில் படிக்கலாமா? (கிளினிக் வாசகி)

வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். முன்கதை என்று பின்னால் எழுதியது, முதல் பாகம் படித்தவருக்கு விடை தெரியும் என்று நம்பி எழுதியது. அதை முதலில் தொட்டால் முதல் பாகத்தின் ரகசியம் செத்துப்போகும். ஒரே பாகம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேறு அட்டையோடு, சில சமயம் வேறு தலைப்போடு வரும். வாங்குமுன் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள்; ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டாம்.

பகிர்வதற்கு: 450 பக்கப் புத்தகம் என்றால் நாளைக்கு 22 பக்கம், மூன்று வாரம். முதலாமவர் இரண்டாம் பாகத்துக்குப் போனதும் முதல் பாகம் இரண்டாமவருக்கு. கூட்டத்தில் பேசுவது கடைசி ஆள் முடித்த பாகத்தைப் பற்றி மட்டும். கூட்டத்துக்கு வராதவர் வீட்டில் புத்தகம் தங்கிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. புத்தகத்துக்குக் காத்திருப்பவர்கள் மின்னூலின் மாதிரி அத்தியாயங்களைக் கைப்பேசியில் இறக்கிப் படிக்கட்டும். ஒலிநூல் இருந்தால் முதல் ஒரு மணி நேரத்தைப் பெயர் ஒலிக்காகக் கேட்கலாம். படிப்பவர் ஐரிஷ்காரராக இருந்தால் மட்டும்.

மூலக் கதைகளைத் தொடரின் முதல் பாகம் முடிந்த பிறகு தொடங்குங்கள். முன்னால் படித்தால் எல்லாத் திருப்பமும் தெரிந்துவிடும், கடைசிவரை தள்ளிப்போட்டால் பாதி குறும்பு புரியாது. கிரெகரி சீமாட்டி 1902-இலும் 1904-இலும் வெளியிட்ட இரண்டு தொகுப்புகள் இணையத்தில் இலவசம். கூச்சமான இடங்களை அவர் தணித்துவிட்டார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தணிக்காததைப் படிக்க கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் ‘கெல்ட்’ தொகுப்புத் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

கடன் கொடுத்தவன் போய்ப் பிரபு வீட்டு வாசலில் சாப்பிடாமல் உட்காருகிறான். பிரபுவும் சாப்பிடாமல் தவிக்கிறான். அவன்பாட்டுக்குத் தின்றால் என்ன? (அதே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்)

வடக்கிருத்தலை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கோப்பெருஞ்சோழன் மானத்துக்காக உண்ணாமல் இருந்து உயிரை விட்டான். இது ‘ட்ரொஸ்கத்’, கடன் வசூல். உயர்ந்த தகுதி உள்ளவரின் மாட்டைக் கடனுக்காகச் சும்மா ஓட்டிவர முடியாது. முதலில் அவர் வாசலில் பட்டினி இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஈடு கொடுத்து வழக்குக்கு ஒப்புக்கொள்ளலாம், அல்லது தாமும் பட்டினி கிடக்கலாம். அலட்சியமாகச் சாப்பிட்டுவிட்டால் கடன் இரண்டு மடங்கு.